அவர்கள் நிமிர்த்திய பெண்ணும் உன் பெயரும்

என் சகாயம் அக்கா, என்னில் பாதியே,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகவிருந்த ஒரு பாக்கெட்டிலிருந்து உன் பெயரை எடுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறோம், நானும் அம்மாவும். "படத்துக்குக் கீழே சின்னதாகவாவது பெயர் போடுங்கள்" என்று பத்து வருடம் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நீ. உன் பெயரை நாங்களே போய் அழிக்கச் சொன்னோம். கோபம் வரும். முழுதும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கம்பத்தை ஒட்டிய நம் ஊரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில், நம் வீட்டு முன்னறைதான் நமக்கு ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், நீ படம் வரைகிற டேப்லெட், கரண்ட் போனால் கத்துகிற ஒரு யுபிஎஸ். நீ படம், நான் எழுத்து. திராட்சைப் பெட்டி, செக்கு எண்ணெய் லேபிள், சின்னப் பிள்ளைகள் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் படம் உன் கையில் தொடங்கி, எழுத்து என் கையில் முடியும். நமக்கு முதலாளி இல்லை. அதனாலேயே வருகிற ஒவ்வொருவரும் முதலாளி ஆனார்கள்.

சின்னமனூர் கல்யாணத்தில் சித்தப்பா கேட்டது நினைவிருக்கிறதா?

"எங்கத்தா வேலை பாக்குற?"

"வீட்டுலதான் சித்தப்பா."

"வீட்டு வேலை இருக்கட்டும். வேலை எங்க பாக்குற?"

நீ அவர் கையிலிருந்த சோடா பாட்டிலைக் காட்டினாய். "இந்தா, இதுல ஒட்டியிருக்கே படம், அது நான் போட்டது. எழுத்து இவ போட்டது." அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்லாத. இதெல்லாம் மிஷின்ல வரும்." நீ சிரித்தாய். எனக்குத்தான் அந்த பாட்டிலை வாங்கிக் கீழே போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அவரையாவது மன்னிக்கலாம். வேலை கொடுத்தவர்களை எப்படி மன்னிப்பது? "மூணு சாம்பிள் காட்டுங்க, பிடிச்சா சொல்றோம்." "சின்ன கரெக்‌ஷன்தான் மேடம்", பதினோராவது முறையாக. "இதைச் செஞ்சு குடுத்தா உங்க பேரு நாலு பேருக்குத் தெரியும்." கடைசியில் பாக்கெட் வரும், அச்சகத்தின் பெயர் இருக்கும், பிளாஸ்டிக் உறை செய்தவன் பெயர்கூட இருக்கும், நம் பெயர் இருக்காது. தெரியவைப்பதாகச் சொன்ன அந்த நாலு பேர் யார் அக்கா? ஒருவரையாவது நீ பார்த்தாயா?

இப்போது ஏலக்காய் பாக்கெட்டுக்கு வருகிறேன்.

போடியில் இருக்கிற அந்தக் கம்பெனி உன்னைக் கூப்பிட்டபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். அம்மா இருபத்தைந்து வருடமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். விடிந்தும் விடியாமல் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத் தோட்டத்துக்குப் போய், இருட்டுவதற்குள் வருகிறவள். அவளைத்தான் வரையப்போகிறேன் என்றாய். மூன்று நாள் அவளோடு அதே ஜீப்பில் போனாய். சேற்றில் உட்கார்ந்து, அட்டைக் கடி வாங்கி, நோட்டு முழுக்க வரைந்துகொண்டு வந்தாய்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை என்பது படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாக ஓடும். காய் அந்தச் சரத்தில்தான். எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும், குத்தவைக்க வேண்டும், செடிக்குச் செடி அப்படியே நகர வேண்டும். நீ அதை அப்படியே வரைந்தாய். இடுப்பில் பை, முதுகில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள், தரையைத் தொடுகிற கை, கறை ஏறிய விரல்நகம். நீ வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "குனிஞ்சிருக்கிறது பாவமா இருக்கு மேடம். நின்னுக்கிட்டு சிரிக்கிற மாதிரி மாத்துங்க" என்றார்கள். நீ போனிலேயே சொன்னாய்: "பாவமா இருந்தா கூலியக் கூட்டுங்க சார். முதுக நிமித்தாதீக."

அதோடு அவர்கள் அந்தப் படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வாங்கிய படம் வாங்கியதுதான், பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் அவர்கள் இஷ்டம் என்றார்கள். பாக்கெட்டில் வெறும் பச்சை நிறம் வந்தது.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களை இத்தனை திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் நீயே சிரிப்பாய். மூன்றாம் நாள் காய்ச்சலோடு நீ ஒரு கதைப் புத்தகத்துக்கு வரைந்துகொண்டிருந்தாய். உடம்பு அனலாகக் கொதித்தது. "இன்னும் ரெண்டு பக்கந்தானக்கா, முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொன்னது நான். அவ்வளவு பயம் நமக்கு. ஒரு நாள் தள்ளிக் கொடுத்தால் அடுத்த வேலை வராது என்கிற பயம். போனபோது டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். நீ படுக்கையில் கிடக்கும்போது உன் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "சீக்கிரம் குணமாகுங்க மேடம். ஃபைல் எப்ப வரும்?"

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அந்த ஏலக்காய்க் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. விளம்பரம் பார்க்க வெளியூரிலிருந்து புதிதாக ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர்தான் பேசினார்.

"உங்க அக்கா வரைஞ்ச படத்தைப் புது பாக்கெட்ல போடறோம் மேடம். அவங்க நினைவா, அவங்க பேரையும் கீழே போடலாம்னு இருக்கோம். பேரை நீங்களே எழுதிக் குடுத்தா ரொம்ப டச்சிங்கா இருக்கும்."

நான் அழுதேன் அக்கா. அந்த ஆளுக்கு நன்றிகூடச் சொன்னேன். பெயருக்கான இடத்தின் அளவை மட்டும் அனுப்பினார். இத்தனை நீளம், இத்தனை உயரம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். சகாயராணி. ஐந்து எழுத்து. 'ணி'யின் சுழியை ஏலக்காய்ச் சரம் வளைவதுபோலத் தரைப்பக்கமாக இறக்கி எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

"படத்தப் பாக்காம எழுத்தத் தொடாதடி" என்பாய். நம் வேலையில் நீ விதித்த ஒரே சட்டம் அது. படம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, பாரம் எங்கே விழுகிறதோ, அதைப் பார்த்துத்தான் எழுத்து நிற்க வேண்டும். உன் படம்தானே, எனக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன். பார்க்காமலே எழுதிக் கொடுத்தேன்.

மாதிரி பாக்கெட் வீட்டுக்கு வந்தது. அம்மாதான் முதலில் பிரித்தாள். உன் பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"நீதாம்மா. அக்கா உன்னத்தான வரைஞ்சா."

"நானா? நான் எப்படி இம்புட்டுச் செவப்பானேன்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏடி அமலி, காயி ஏன் தலைக்கு மேல தொங்குது?"

வாங்கிப் பார்த்தேன். நிமிர்த்திவிட்டார்கள். உன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாற்றிக் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவும் கொடுத்திருக்கிறது. குனிந்திருந்தவள் நிற்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள். முதுகில் தாள் இல்லை, நகத்தில் கறை இல்லை. தரையைத் தொட்ட கை வானத்தைப் பார்த்து நீண்டிருக்கிறது. அந்தக் கை எட்டுகிற உயரத்தில் கொய்யாக்காய் மாதிரி ஏலக்காய் தொங்குகிறது. சேலையின் கட்டமும் இடுப்புப் பையும் மட்டும் உன்னுடையவை. அதற்குக் கீழே, தரையை நோக்கி வளைகிற என் எழுத்தில், உன் பெயர்.

அந்தப் பொய்க்குக் கீழே உன் கையெழுத்தைப் போட்டது நான்தான்.

உடனே போவோம், பெயரை எடுக்கச் சொல்வோம் என்றேன். அம்மா பாக்கெட்டைக் கொடுக்க மாட்டேன் என்றாள். "பேராவது இருக்கட்டும்டி. பிள்ளைதான் போயிருச்சு." நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள், "படத்தப் பழையபடி போடச் சொல்லிக் கேப்போம், பேரு இருக்கட்டும்" என்று அவளே கிளம்பினாள். தோட்டத்துக்கு ஒரு நாள் லீவு சொன்னாள். அவள் லீவு சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

ஏசி அறை. அந்த விளம்பரக்காரர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. டீ வந்தது. வெளியீட்டு விழாவில் அம்மாவை மேடையில் ஏற்றி முதல் பாக்கெட்டைக் கையில் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"படத்த மாத்திருக்கீகளே சார்" என்றாள் அம்மா.

"கொஞ்சம் பாலிஷ் பண்ணியிருக்கோம்மா. இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கு."

"காயி மேல காய்க்காது சார். கீழதான் காய்க்கும்."

"வாங்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பெரிய மனுஷி ஏதோ சொல்கிறாள் என்கிற சிரிப்பு. அம்மா டீ டம்ளரை மேசையில் வைத்தாள். எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுவழுவென்று இருந்த அந்தத் தரையில் குத்தவைத்தாள். இல்லாத சரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் இல்லாத காயைத் திருகி எடுத்து, இல்லாத பையில் போட்டாள். ஓரடி நகர்ந்தாள். மறுபடி எடுத்தாள். மேசையைச் சுற்றி அவர் நாற்காலிக்கால் வரைக்கும் அப்படியே போனாள். அவர் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

"இப்பிடித்தான் சார் எடுக்கணும். நின்னுக்கிட்டு எடுத்தா கையில காத்துதான் வரும். நாளைக்கு இந்தப் பாக்கெட்டப் பாத்துட்டு ஜீப்புல எங்கூட வாரவளுக கேப்பாளுக. 'மூணு நாளு நம்மகூடச் சேத்துல கெடந்தாளே உம்மக, காயி எங்க காய்க்கும்னுகூடவா அவளுக்குத் தெரியல'ம்பாளுக. நான் என்னத்தச் சொல்ல? செத்த பிள்ளை வந்து பதில் சொல்லுமா?"

அவர் மெதுவாகக் காலை இறக்கி வைத்தார். பிறகு, படத்தை மாற்ற முடியாது, மேலே எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள் என்றார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப எம்மக பேர எடுத்துருங்க."

நான் சொல்லவில்லை அக்கா. அவளே சொன்னாள்.

"பேர்தானே? அது அஞ்சு நிமிஷ வேலை" என்று அவர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். எங்கள் கண்முன்னே தட்டினார். போய்விட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் போடத்தான் இவர்களுக்கு வருடக்கணக்காகும். எடுப்பதற்குக் கை எவ்வளவு பழகியிருக்கிறது பார். அடுத்த மாதம் அந்தப் பாக்கெட் கடைக்கு வந்துவிடும். நிமிர்ந்தவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். எங்களால் தடுக்க முடிந்தது உன் பெயரை மட்டும்தான். இதை வெற்றி என்று சொன்னால் நீ என் மண்டையில் கொட்டுவாய்.

பஸ்ஸில் திரும்பினோம். தேவாரம் தாண்டியதும் அம்மா கேட்டாள்: "அவ போட்ட படம் உங்கிட்ட இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். மறுநாள் காலையில் ஜீப் வந்தபோது ஓட்டுகிற பால்பாண்டி அண்ணனிடம் அவளே போய் நின்றாள். அவரும் யோசிக்கவில்லை. "பின்கதவு சும்மாதான மதினி கெடக்கு. வரையச் சொல்லுங்க. எனக்கும் வண்டி அடையாளமா இருக்கும்" என்றார். உள்ளே பதினாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "ஏ, என்னையும் சேத்து வரையச் சொல்லுக்கா! ஆனா என் வயித்தக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு!" இன்னொருத்தி, "பொய்யாப் போட்டா அமலி அம்மா பேர எடுத்துருவாக, பாத்துக்க" என்றாள். மொத்த ஜீப்பும் சிரித்தது. சேதி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பெயின்டை எடுத்துக்கொண்டு அந்த ஜீப் நிற்கிற இடத்துக்குத்தான் போகிறேன். நான் எழுத்துக்காரி, படத்தில் உன் கை எனக்கு வராது. உன் கோடுகளைக் கட்டம் கட்டிப் பெரிதாக்கி, ஒரு மயிரிழை மாறாமல் கதவில் ஏற்றுவேன். குனிந்தவள் குனிந்தே இருப்பாள். காய் தரையில் இருக்கும். நகத்தில் கறை இருக்கும்.

அதன் கீழே உன் பெயரை எழுதலாம் என்று தாளில் அளந்துகொண்டிருந்தேன். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கீழ வேணாம்டி. மெட்டுல ஏறும்போது அங்கன பூராச் சேறு அடிக்கும். மேல எழுது."

மேலேயே எழுதுகிறேன் அக்கா, சேறு எட்டாத உயரத்தில். அழிந்தால் மறுபடி எழுதுவேன், அந்த ஜீப் ஓடுகிற வரைக்கும். இனிமேல் படத்தைப் பார்க்காமல் எவருக்கும் ஓர் எழுத்தும் போட்டுத் தரமாட்டேன். காய்ச்சல் அடித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். இந்த மூன்றும் உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் படத்துக்கு எழுத்துப் போடப் பிறந்த தங்கச்சி,
அமலி