சுவரோரம் ஒரு விரல் இடைவெளி

ஜூன் 3

டீச்சரம்மா வீட்டு முன்னறையில் மரத்தரை வேலை. கதவுப் பக்கம் என் கையால் முடிந்தது. ஜன்னல் பக்கத்தை நாளை மச்சினன் போடுவான். மழை வந்தால் பலகை உப்பும். அதற்காகச் சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட்டாக வேண்டும். பலகை நகராமலிருக்க அங்கே சொருகும் கட்டைகளைக் கடைசியில் பிடுங்கி, இடைவெளியில் ஒரு காசைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அதை மூடும் ஓரப்பட்டையை அடிப்போம். ஒருவன் போட்டதற்கு மற்றவன்தான் காசு ஓட்டணும். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். நாளை மட்டும் என்னால் முடியாது. மகளைப் பள்ளியில் சேர்க்கணும்.

ஜூன் 4

போன் பண்ணினான். "நானே காசு ஓட்டிட்டேன் மாமா, எங்கயும் இடிக்கல. பட்டையும் அடிச்சாச்சு." கெட்டிக்காரன்.

ஜூலை 19

ஒரு வாரமாக விடாத மழை. டீச்சரம்மா வீட்டில் ஜன்னலோரம் தரை கூடாரம் மாதிரி எழும்பிவிட்டதாம். எப்படி?

ஜூலை 20

எனக்கு முன்பே மச்சினன் அங்கே போய் வந்திருக்கிறான்.

"ஜன்னல் பக்கம் நீங்கதான் போட்டீங்களாமே? அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன், தம்பிதான் சொன்னாரு. எங்க பள்ளிக்கூட ஹால் வேலைய அவர்கிட்டயே குடுத்துட்டேன்" என்றார் டீச்சரம்மா.

பட்டையைக் கழற்றினால், கட்டைகள் ஒன்றுவிடாமல் உள்ளேயே இறுகிக் கிடக்கின்றன! அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது? நான் சொன்னால் சாக்கு என்பார். படுபாவி, என் தட்டுல சாப்பிட்டவன்டா நீ!

ஜூலை 21

மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியுங்க. தரை போட்ட அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணான். கட்டையப் பிடுங்க மறந்துட்டேன்க்கா, மாமாகிட்ட சொல்லாத, கிழிச்சிருவாருன்னான். ஒண்ணும் ஆகாதுன்னான். நம்பிட்டேன்."

ஒன்றரை மாதம்! தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே! அவன் பண்ணினதக்கூடத் தாங்கிக்குவேன். நீ எப்படிடி?

ஜூலை 24

பேச்சில்லை.

ஜூலை 29

டீச்சரம்மா போன். "உங்க வீட்டம்மா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. ஹாலை நீங்களே போடுங்க."

போவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் மறைத்துத்தான் செய்திருக்கிறாள். தம்பி இப்போது அவள் போனை எடுப்பதில்லையாம். வேலை கிடைத்தும் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 11

பள்ளிக்கூட ஹால். முதல் பாதி முடிந்தது. கட்டைகளைப் பிடுங்கிவிட்டேன். காசு ஓட்டத்தான் ஆளில்லை. யாரை நம்புவது?

சாப்பாடு கொண்டுவந்தவள் தூக்கை வைத்துவிட்டு, என் பையிலிருந்து காசை எடுத்து, முட்டி போட்டுச் சுவரோரமாக ஓட்ட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. மூலையில் காசு நின்றது.

"ஏங்க, இங்க இடிக்குது."

போய்ப் பார்த்தேன். ஒரு கட்டையை விட்டிருக்கிறேன். நானேதான்.

பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். "மிச்சத்தையும் ஓட்டிரு" என்றேன்.