பேட்டியில் கேட்ட ‘ம்’

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

யாருக்கும் பேட்டி கொடுக்காத ஒரு பாடகி, போன வாரம் என்னிடம் இரண்டு மணி நேரம் பேசினார். ஒலிப்பதிவைக் கேட்ட எங்கள் நிகழ்ச்சி ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். “என்னம்மா இது, அவங்க பேச்சைவிட நீ உம் கொட்டுற சத்தம்தான் அதிகமா கேக்குது! இதை எப்படி வெளியிடுறது?”

மானம் போனாலும் பரவாயில்லையென்று, மறுபடி பதிவு செய்யலாமா என்று பாடகியிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “வேணாம். நீங்க உம் கொட்டினதாலதான் இவ்வளவும் பேசினேன். அதை வெட்டினா நான் தனியா புலம்புற மாதிரி இருக்கும்!”

ஒரு ‘ம்’கூட வெட்டாமல் அப்படியே வெளிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் நான் அளக்க, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி நீங்கள் கொட்டிய அதே ‘ம்’தான் அப்பா.

அம்மாவிடம் சொல்லி இரண்டு பருத்திச் சட்டை அனுப்புங்கள். அப்புறம், நான் போன் செய்தால் உடனே “இரு, அம்மாகிட்ட தரேன்” என்று சொல்லிவிடாதீர்கள். ஊருக்கெல்லாம் நான் உம் கொட்டுகிறேன். எனக்குக் கொட்டத்தான் இங்கே ஆளில்லை. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், ‘ம்’ போதும்.

ஒரு கச்சேரியைப் பதிவு செய்யப் போக வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

வாயாடி