நசீர் பாயின் ஷான் குதிரை

நவம்பர் 4, திங்கள்

நசீர் பாய்க்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்தது. ஒரு மாதம் வண்டி ஓட்டக்கூடாதாம். சும்மா நின்றால் குதிரைக்குக் கால் கெட்டுவிடும் என்று வண்டியோடு என்னிடம் விட்டிருக்கிறார். டீசல் இல்லாமல் என் லாரி நின்று இரண்டு மாதம். எனக்கும் வேலையாச்சு. குதிரை என் நெஞ்சு உயரம்கூட இல்லை. பர்மாவின் ஷான் மலைநாட்டு ஜாதி.

பாய் ஒன்றுதான் சொன்னார். “மூர்த்தி, எட்டு மூட்டைக்கு மேல ஏத்தாதே. இது முடியாதுன்னு காட்டாது. நீதான் பாத்துக்கணும்.”

நவம்பர் 9, சனி

எழுதவே கை கூசுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாவுக்குப் பதினாறு மூட்டை சிமெண்ட். இரண்டு நடையாகப் போக வேண்டியது. ஏழு மணிக்கு டிவியில் மேட்ச் — ஒரே நடையில் ஏற்றிவிட்டேன். குதிரையும் இழுத்தது. பாலத்து ஏற்றத்தில் முன்னங்கால் மடங்கி விழுந்தது. அப்போதும் கனைக்கவில்லை. எழுந்து மறுபடி இழுக்கப் பார்த்தது.

நொண்ட நொண்ட வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மேட்ச் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பாயின் மனைவி ஸமீரா வந்து பார்த்துவிட்டு, “முட்டியில என்னண்ணே இது?” என்று கேட்டது.

“லாடம் சரியில்லம்மா. ஆணி தளந்து வழுக்கிருச்சு.”

எங்கிருந்து வந்தது இந்தப் பொய்? லாடம் அடித்தவர் பர்மாக்காரர் ஊ தின் அவுங். நல்ல மனுஷன்.

நவம்பர் 12, செவ்வாய்

பாய் போனில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். “புது லாடம் அடிச்சுக் குடுத்திருக்கணும். என் தப்புதான்.”

“பரவாயில்ல பாய்” என்றேன். பரவாயில்லையாம்! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் 16, சனி

ஊ தின் அவுங் வந்தார். பாய் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வண்டி ஸ்டாண்டில் மற்றவர்களும் கூப்பிடுவதில்லையாம். குந்தி உட்கார்ந்து நாலு லாடத்தையும் தட்டிப் பார்த்தார். ஓர் ஆணிகூட ஆடவில்லை.

“கோ மூர்த்தி, எத்தனை மூட்டை?” என்று பர்மியில் கேட்டார். அப்போதும் மரியாதைக்குக் ‘கோ’ போட்டுத்தான்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன். முட்டிப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டுப் போனார். என் பொய்யால் பிழைப்புப் போனவர், நான் விழ வைத்த குதிரைக்கு. தூ, நானும் ஒரு மனுஷன்.

நவம்பர் 17, ஞாயிறு

பாய் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பதினாறு மூட்டை, மேட்ச், லாடம், எல்லாம். திட்டியிருந்தால் தேவலை. ஸமீராவைக் கூப்பிட்டு, “ஊ தின் அவுங்குக்குப் போன் போடு, நான் பேசணும்” என்றார். போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருபது வருஷ சிநேகிதம்.

சாயங்காலம் பாய் அனுப்பிய ஆள் வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார்.

நவம்பர் 25, திங்கள்

ஸ்டாண்ட் பக்கம் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது?

டிசம்பர் 18, புதன்

பாய் மறுபடி வண்டி ஓட்டுகிறார். காலையில் எங்கள் தெருவழியாக வந்தார். குதிரை நொண்டவில்லை. வயிற்றில் பால் வார்த்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குதிரைதான் என் வாசலில் தானாக நின்றது. பாய் வாரைச் சுண்டி ஓட்டிக்கொண்டு போனார்.