மழைச்சோறும் சிவப்புக் கடலும்

அடுப்பில் சோறு கொதிக்கும் வாசம் வீடு முழுக்க நிற்கிறது. வழக்கப்படி உப்புப் போடவில்லை. மழைச்சோறு கேட்டுப் பெண்கள் நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருக்கிறார்கள். ஐப்பசி பாதி போயும் பேரையூர்ப் பக்கம் நல்ல மழை இல்லை. வீடு வீடாகச் சோறு வாங்கி, பொது இடத்தில் வைத்து, வானத்தைப் பார்த்து அழுது பகிர்ந்து தின்பார்கள். முன்பெல்லாம் நான்தான் முதல் ஆள். இன்று அகப்பையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. காலையிலிருந்து அந்தக் கடல் படத்தையே திறந்து திறந்து பார்க்கிறேன். வங்கக் கடல் முழுக்கச் சிவப்பு. கடல் நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு சிவப்பு என்று எனக்குக் காட்டியதே நீங்கள்தான்.

"ஏ புள்ள, இங்க வந்து பாரு, கடல் கொதிக்குது. புயல் நிச்சயம். நம்ம கம்மாய் நெறையப் போகுது!" என்பீர்கள். முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் போல முகம் மலர்ந்திருக்கும். அப்படி நம்பித்தான் ஒரு வருஷம் புழுதியிலேயே மக்காச்சோளம் விதைத்தீர்கள். புயலும் வரவில்லை, மழையும் வரவில்லை. விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது.

கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்த நம் செல்வி அன்று சிரித்த சிரிப்பு!

"அப்பா, கடல் சூடு அடுப்பு மாதிரி. அடுப்பு மட்டும் எரிஞ்சாப் போதுமா? மேல காத்து தாறுமாறா அடிச்சா, கூடுற மேகத்தக் கலைச்சு விட்டுரும். கடல் சூடானா நிறையப் புயல் வரும்னு சொல்ல முடியாது. ஆனா வர்றது பலமா வரும்."

"அம்புட்டுத்தான, வந்தாச் சரி" என்றீர்கள்.

அவளைக் கடலோரம் வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, சிவப்பைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவீர்கள். கண்மாய்க் கரையில் யாராவது ஆசையாக, "என்னண்ணே, புயல் வருதா?" என்றால், "மழைய மட்டும் கேளுடா, புயல எதுக்குக் கூப்பிடுற?" என்று எரிந்து விழுவீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். அவள் உண்டான செய்தி வரும் முன்பே போய்விட்டீர்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அங்கேயே இருக்கிறாள். நிலத்தைப் பார்த்தால் மழை வேண்டும் என்கிறது மனசு, போனைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம் என்கிறது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நீங்கள் இருந்தால் உங்களோடு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

சற்று முன் அவளைக் கூப்பிட்டேன்.

"புயல் வருமாடி?"

"உருவாகலாம், கலைஞ்சும் போகலாம்மா. இப்பவே சொல்ல முடியாது." பிறகு அவளே கேட்டாள். "மழைச்சோறு போட்டியா?"

எடுத்த அகப்பையை மறுபடி கீழே வைத்தேன்.

"போடும்மா. அப்பா நிலம் காஞ்சு கெடக்குல்ல."

அழுகை பொங்கி வந்தது. அதற்குள் பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பானையோடு கொண்டுபோய் அவர்கள் பாத்திரத்தில் கவிழ்த்தேன்.

"என்ன மதினி, இம்புட்டா?"

"செல்வி வீட்டுக்கும் சேத்து" என்றேன்.

அவர்களோடு அழப் போகவில்லை. மதுரைக்குப் போய் அங்கிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மழை வந்தால் கண்மாயை ஊர் பார்த்துக்கொள்ளும். காற்று வந்தால் அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். பையில் எனக்கு இரண்டு சேலை, அதன் மேல் உங்கள் பழைய வேட்டி. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. பேரனோ பேத்தியோ, மழையோ காற்றோ, பிறந்ததும் அந்தப் பிள்ளையை உங்கள் வேட்டியில்தான் சுற்றுவேன்.