வீரை மரத்தில் கொழுவிய குழை

செப்டெம்பர் 24, புதன்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. கண்ணெல்லாம் மண். காலையில் கத்தரிக்கு இறைப்பு. இலை ஓரம் எல்லாம் கருகல். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். போன கிழமையைவிட உப்பு. துப்பிவிட்டேன்.

முந்தி ஒரு கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் சொன்னது: "காட்டை விடுங்கோ. இருக்கிற காணியிலயே ரெண்டு மடங்கு எடுக்கலாம்." அப்பா நம்பினார். பெரிய மோட்டர், உரம், கோடையிலும் மிளகாய். இறைக்க ஆள் வேண்டும் என்று நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். முதல் முறை காய்த்துக் கொட்டியது. அடுத்த கோடையில் கிணறு உப்பாகிவிட்டது.

பக்கத்துக் காணிச் செல்வம் மாமா வேலிக்கு மேலால்: "இறைச்சு இறைச்சுக் கடலையே உள்ள இழுத்திட்டாய் மச்சான். இனி மீன் வளர்." அப்பா சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: சீனி, நெருப்புப்பெட்டி, ஆட்டுக்குக் கயிறு.

27, சனி

அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். காட்டிலாகா எல்லைக் கல்லுக்கு அங்கால் காடு வெட்டுகிறார். வெட்டியது காய வேண்டும், காற்று விழுந்து அடங்க வேண்டும், பிறகு நெருப்பு. மழையோடு உளுந்து. மழைக்கு உப்பு இல்லை.

நடுவில் ஒரு பெரிய பாலை மரம். ஒவ்வொரு வருடமும் அதில்தான் பழம் பொறுக்குவேன். "அதை விடுங்கோ அப்பா." இன்று நான் பேசியது அவ்வளவுதான். கோடரியை வேறு மரத்துக்குக் கொண்டு போனார்.

காட்டு வாசலில் வீரை மரம், அடியில் பிள்ளையார் கல். உள்ளே போகிறவர்கள் ஓர் இலைக்குழை முறித்து மரத்தில் கொழுவிவிட்டுத்தான் போவார்கள். அப்பாவும் தினமும்.

இரவு அம்மா: "களவா வெட்டப் போறதுக்கும் குழையோ?"

"ஓம். கேக்காமப் போனா ஆனை மறிக்கும். பிள்ளையார் என்ன இலாகாக்காரனே, பிடிச்சுக் குடுக்க?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

29, திங்கள்

ஆடு கட்டப் போனேன். அப்பா உள்ளே. வீரையில் குழை பச்சைப் பசேல் என்று. றோட்டில் நின்று பார்த்தாலே தெரிகிறது. காட்டிலாகா வாகனம் அந்த றோட்டால்தான் போகும்.

கழற்றிவிடலாமா? கை போனது. சாமிக்கு வைத்ததை எப்படி எடுப்பது. அப்பா உள்ளே இருக்கும்போது எடுத்தால் அவருக்கு ஏதும் ஆகிவிட்டால்?

வந்துவிட்டேன். குழை அப்படியே மரத்தில்.

ஒக்டோபர் 1, புதன்

காட்டிலாகாக்காரர் வந்தார்கள். நான் ஆட்டோடு நின்றேன். அவர்களுக்குப் பெரியவர் வாகனத்தால் இறங்கி குழையைப் பிடுங்கி இலையைத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது இண்டைக்கு முறிச்சது. வாடவே இல்ல. ஆர் உள்ள?"

எனக்கு வாய் வராது. ஆட்களைக் கண்டால் அப்படித்தான். குனிந்து நின்றேன். அவர்கள் உள்ளே போனார்கள். அப்பா என்று கத்தியிருக்கலாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பெரியவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: "காடு போனா மழையும் போகும், தண்ணியும் போகும்."

அப்பா: "காடு இருக்கேக்கதானே ஐயா என்ர கிணறு போனது."

அவர் வாகனக் கதவைத் திறந்துவிட்டார். குழை இன்னும் அவர் கையில்.

3, வெள்ளி

அம்மா பஸ்ஸில் மன்னாருக்கு, அப்பாவின் வழக்குக்குக் கோட்டுக்கு. பிணை இல்லை. இரண்டு கிழமை விளக்கமறியல். அப்பா கேட்டது ஒன்றுதானாம்: காற்று விழுந்துவிட்டதா.

கத்தரி முழுவதும் பட்டுவிட்டது. பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன். இரண்டு வாய், பிறகு ஆடும் விட்டுவிட்டது.

7, செவ்வாய்

காற்று விழுந்தது. ஓர் இலை அசையவில்லை. மேற்கே மழைக் கறுப்பு. அம்மா நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

"வெட்டினதுக்குத்தான் அந்த மனுசன் உள்ள. எரிக்காட்டி அதுவும் வீண். வா."

"பிடிச்சா உங்களையும்..."

"மழைக்குள்ள விதைக்காட்டி என்னத்தைத் தின்னுறது?"

"பாலை?"

"சுத்திச் சருகைக் கூட்டி விடு. தப்பினாத் தப்பும்."

வீரை மரத்தடி. பழக்கத்தில் குழை முறிக்கக் கொப்பைப் பிடித்துவிட்டேன்.

"விடடி அதை."

விட்டேன். ஒன்றும் கொழுவாமல், கும்பிடாமல் உள்ளே. பாலையைச் சுற்றிக் கையால் கூட்டினேன். போதாது, ஆனால் அம்மா அவசரப்படுத்தினார். கொளுத்தியது நான்.

பிறகுதான் காற்று எழும்பியது. பாலைப் பக்கமாக.