மைலேஜ் மருந்தைத் திரும்ப வாங்கியவளுக்கு

நேற்றுக் காலை அடையாறில் பெட்ரோல் போட நின்றேன். பங்கில் வேலை செய்யும் பெண் ஒரு சின்னப் பச்சை பாட்டிலைக் கார் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"மேடம், டேங்க்ல இதை ஒண்ணு ஊத்திடுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி, வண்டி மைலேஜே குடுக்காது. இத்த ஊத்தினா ஜம்முனு போய்க்கினே இருக்கும்."

நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்து காட்டிவிட்டாள். மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கரைத்தது போன்ற நெடி. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் கார் முழுக்க ஒரு காலத்தில் இந்த நெடிதான்.

நீ சாந்தோமிலிருந்து கிளம்பி வந்து, மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் என்னை ஏற்றிக்கொள்வாய். கிண்டியில் நம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பதினொரு வருடம் அப்படிப் போனோம். நீ கணக்கு டீச்சர், நான் கெமிஸ்ட்ரி. உன்னைவிட நான் ஒரு வயது சின்னவள். ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னை 'மாமி' என்றுதான் கூப்பிட்டாய். மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் பேப்பரை வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்துவாய். பின்னால் ஹாரன் அடித்தால், "இருப்பா, ரெண்டு மார்க்கு போட்டுட்டு வரேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாய்.

அந்தப் பழைய வெள்ளைக் கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று நீ புலம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் உன் சித்தி மகன் அந்த பாட்டில்களோடு வந்தான். பெட்ரோலில் கலந்தால் மைலேஜ் ஏறும் என்றான். நீ ஊற்றினாய். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி பதினைந்து ஓடியது. அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு நம் டீச்சர்கள், உன் கோயில்காரர்கள், கார் வைத்திருந்த யாரையும் நீ விடவில்லை. தம்பி தொழில் தொடங்கியிருக்கிறான், நிலைத்துவிட வேண்டும் என்ற ஆசையும் உனக்கு இருந்தது. இருபது பேருக்கு மேல் வாங்கினார்கள். பாட்டிலை நம்பி அல்ல, நீ சொன்னாய் என்று வாங்கினார்கள். நிரூபிக்காமல் ஒரு வரி எழுதினால் சுழித்துவிடும் டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

ஒரு நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாய். உன் தம்பி நோட்டீஸ் அடிக்கப்போகிறான், அதில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்ற முறையில் நான் இரண்டு வரி எழுதித் தர வேண்டும் என்றாய்.

"என்னால முடியாதுடி," என்றேன்.

"ஏன்? நான் பொய் சொல்றேன்றியா?"

"நீ சொல்ற மைலேஜை நம்பறேன். அது இந்த பாட்டிலாலதான் ஏறித்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள என்ன இருக்குன்னு உன் தம்பிக்கே தெரியலையே."

"பத்து வருஷமா என்கூட வர்ற. என் வார்த்தைக்கு இன்னா மரியாதை, மாமி?"

அதற்குப் பிறகு கிண்டி வரைக்கும் நீ பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. ஆனால் தினமும் தெருமுனைக்கு வந்து வண்டியை நிறுத்தினாய். நானும் ஏறிக்கொண்டேன். பட்டேல் ரோடு முழுக்க நீ ஒரு பக்கம் பார்ப்பாய், நான் காந்தி மண்டபத்து மரங்களைப் பார்ப்பேன்.

எட்டாவது நாள் நீயாகவே பேசினாய். "சரி. சோதிச்சுடலாம். ஆனா எதை ஊத்துறன்னு எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் ஆசைப்பட்டு மெதுவா ஓட்டுவேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. உன்னைச் சந்தேகிக்க வேண்டும் என்று உனக்கே தோன்றியது.

ஒரே மாதிரி பாட்டில்கள். சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் பெட்ரோல். சனிக்கிழமைதோறும் ஒரே பங்கில் டேங்க்கை நிரப்புவோம். நீ காற்றடிக்கும் இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய், நான் ஊற்றுவேன். எட்டு வாரம். ஓடிய தூரத்தையும் நிரம்பிய பெட்ரோலையும் பாடத்திட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாய். எட்டாவது வாரம் முடிந்து திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், எந்தெந்த வாரம் எதை ஊற்றினேன் என்று எழுதியிருந்த சீட்டை உன்னிடம் கொடுத்தேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ வெகுநேரம் பார்த்தாய். மருந்து ஊற்றிய வாரங்களும் ஊற்றாத வாரங்களும் ஒன்று போலவே இருந்தன. மழை பெய்த வாரம்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்போ மொதல்ல ஏறினது எப்படி?" என்றாய். சாப்பாட்டு டப்பாவை மூடப்போன உன் கை அப்படியே நின்றது. "அய்யோ! அந்த வாரந்தான் மெக்கானிக்கிட்ட விட்டேன். பின்னால பிரேக் இறுகிக்கினு கீது, சக்கரமே ஃப்ரீயா சுத்தலன்னு சொல்லிச் சரி பண்ணிக் குடுத்தான். ரெண்டையும் ஒரே வாரத்துல பண்ணிட்டு, ஒண்ணுக்கு மட்டும் பேர் குடுத்துட்டேன். இதே தப்பை ஒரு புள்ள பண்ணியிருந்தா முட்டை போட்டிருப்பேன்."

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. எனக்கு அப்போது உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷம். விஷயம் அதோடு முடிந்தது, இனிமேல் நீ விற்கமாட்டாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீ அன்று சாயங்காலமே ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்று, "நான் குடுத்த மருந்து வேலை செய்யலை. நான் சொன்னது தப்பு. மீதி வச்சிருக்கறவங்க என்கிட்டயே குடுத்துடுங்க" என்றாய். சிலர் சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் உன்னைத் தனியாக அழைத்து, "இதையெல்லாம் எதுக்குச் சபையில சொல்றீங்க? பசங்க காதுக்குப் போனா உங்க மதிப்பு என்னாகும்?" என்று கேட்டார். போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

மற்றவர்களைப் பார்க்க வீடு வீடாகப் போனாய். இரண்டு சாயங்காலம் நானும் வந்தேன். கடற்கரைப் பக்கத்துச் சந்தில் குடியிருந்த அந்த டாக்ஸி டிரைவரை மறக்க முடியவில்லை. "டீச்சர், எனக்கு ஏறிச்சு டீச்சர். இப்போ வந்து இல்லன்னா எப்பிடி?" என்று அவர் உன்னோடு சண்டையே போட்டார். வாசலில் நின்றபடி நீ பொறுமையாகப் பிரேக் கதையைச் சொன்னாய். கடைசியில், "உங்க வண்டியையும் ஒரு வாட்டி மெக்கானிக்கிட்ட காட்டுங்கண்ணா. மருந்தை ஊத்திக்கினு கோளாறை விட்டுடாதீங்க. அதுதான் எனக்கு பயமா கீது" என்றாய். அவர் உள்ளே போய் இரண்டு பாட்டில்களை எடுத்து வந்து உன் கையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

உன் தம்பி உன் வீட்டுக்கே வந்து கத்தினான். "அக்கா, நீ வாயைத் தொறக்காம இருந்தா யாருக்கு இன்னா கெட்டுப்போச்சு? ஊர்ல எவன் நிஜத்தை வித்துக்கினு கீறான்?" நீ அழுதாய் என்று மறுநாள் வண்டியில் சொன்னாய். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் உன்னோடு பேச்சை நிறுத்தினான். உன் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. போட்டோ எடுக்கும்போதெல்லாம் நீ வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று வந்தான். பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, கடைசி வரைக்கும் யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் நடந்தான். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த டிரைவர் வீட்டிலிருந்து திரும்பும்போது, உன்னிடம் ஒரு பழைய விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண்ணின் பிராக்டிகல் ரெக்கார்டை, காப்பி அடித்தது என்று வகுப்பின் முன்னால் கிழித்துப் போட்டவள் நான். உண்மையில் காப்பி அடித்தது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். எனக்கு அது தெரியவந்தபோது அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிருந்தாள். நீ என்னைத் திட்டவில்லை. "இன்னும் சொல்லலையா, மாமி?" என்று மட்டும் கேட்டாய். கியரை மாற்றினாய், வண்டி போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் தேடவில்லை. நீ இருக்கும்வரை தேடாமலே இருந்துவிட்டேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் விசாரிக்கத் தொடங்கினேன். அவள் அபிராமபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்! உள்ளே போனதும் எழுந்து நின்றாள். "மிஸ், என்ன டெஸ்ட் எடுக்கணும்?" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். உன்னைப் போல நேராகச் சொல்ல வரவில்லை, அங்கங்கே தடுக்கியது. அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு மிஸ். மூணாவது பெஞ்ச். நீங்க கிழிச்ச பேப்பரை நான்தான் பொறுக்கினேன்."

நான் தலையைத் தூக்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையுறைகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "எங்கம்மா கடைசி வரைக்கும் நான்தான் காப்பி அடிச்சேன்னு நினைச்சுட்டே போயிட்டாங்க மிஸ்" என்றாள். பிறகு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.

எளிதாக இல்லை. பாரம் இறங்கியது என்றும் சொல்லமாட்டேன். நீ அந்த வாசல்களில் நின்றபோது உனக்கு என்ன செலவானது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவளிடம் அப்படி அவமானப்பட்டவள் ஒருத்தி மட்டுமா இருப்பாள்? இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இன்னொருத்தி தாம்பரத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை வருகிறேன் என்று அவளுக்கு போன் பண்ணிவிட்டேன். எதற்கு என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன்.