கல்லாவில் உனக்கு இடமில்லை

அன்பு மகளே,

உங்கள் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை எல்லோரும் விமர்சனத்தில் கிழித்துவிட்டார்களாம். அதனால் பாட்டை விட்டுவிட்டு என் பைப் கடைக்கே வந்துவிடுகிறாயாம். முதல் ஆல்பம்போல இனிமையாக இல்லை என்பதுதானே குறை?

நேற்று கடையில் அந்த இரண்டாவது ஆல்பத்தைச் சத்தமாகப் போட்டேன்.

“என்னண்ணே, உள்ள ஏதாச்சும் சண்டையா?” என்றார் பைப் வாங்க வந்த பிளம்பர்.

“எம் பொண்ணு பாடுறா. பிடிக்கலைன்னா வெளிய நில்லுங்க.”

வெளியே போய் நின்றவர், கடைசிப் பாட்டுவரை நகரவில்லை.

எனக்கும் முழுக்கப் புரியவில்லை. ஆனால் நீ கத்துகிற இடத்தில் பொய் இல்லை. ஊர் கேட்டதையே எடுத்துக் கொடுக்க வீட்டுக்கு ஒரு வியாபாரி போதும்.

கடைக்கு வா என்று எத்தனை வருஷம் உன்னோடு மல்லுக்கட்டினேன். இன்று கல்லாவில் உன் அத்தை மகனை உட்காரவைத்துவிட்டேன். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா. கிடார் இல்லாமல் மட்டும் வராதே.

இப்படிக்கு,
அந்தத் தொண்டையை உனக்குக் கொடுத்த அப்பா